நாலு கட்டத்துக்குள் மௌனம்: ஆன்லைன் வகுப்பில் மாணவர்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை?

"பத்து நிமிஷம் சின்னக் குழுக்களாப் பிரிக்கிறேன். கேள்வியை விவாதிச்சிட்டு வாங்க" என்கிறார் ஆசிரியர். திரை ஒரு நொடி வெளுத்து, நாலு கட்டங்கள் தோன்றுகின்றன. மூன்றில் கேமரா இல்லை. பெயரின் முதல் எழுத்து மட்டும் வட்டத்துக்குள் நிற்கிறது. நாலாவதில் ஒரு மின்விசிறி சுற்றுகிறது. முதல் நிமிடம் யாரும் வாய் திறப்பதில்லை.

"ஹலோ... கேட்குதா?"

"கேட்குது."

மறுபடி மௌனம். "என்ன கேள்வின்னு யாராவது குறிச்சு வெச்சீங்களா?" என்று ஒரு குரல். யாரும் குறித்துவைக்கவில்லை. அஞ்சாவது நிமிடத்தில் ஒருவர், "சரி, நானே எதையாவது எழுதிடறேன். யாராவது வாசிச்சிடுங்க" என்கிறார். மற்ற மூவருக்கும் பெரிய நிம்மதி. நேரம் முடிந்து எல்லோரும் பெரிய வகுப்புக்குத் திரும்புகிறார்கள். "நல்லா விவாதிச்சீங்களா?" "ஆமா சார்."

ஆன்லைனில் ஒரு படிப்பாவது படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. நானும் அந்த நாலு பேரில் ஒருவனாக இருந்திருக்கிறேன். ஒரு நாள் "நானே எழுதிடறேன்" என்றவன், மறுநாள் நிம்மதிப் பெருமூச்சு விட்டவன். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: மாணவர்களுக்குக் கூச்சம், அல்லது அக்கறை இல்லை. ஆனால் அதே நாலு பேர் அன்று இரவே அதே பாடத்தைப் பற்றித் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் நூறு செய்தி தட்டுகிறார்கள். கூச்சம் அங்கே எங்கே போனது? ஆக, கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. ஒரு பாதி கருவியில், மறுபாதி கொடுத்த வேலையில்.

முதலில் கருவி. நேரில் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கும்? 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு பத்து மொழிகளின் அன்றாட உரையாடல்களை அளந்து பார்த்தது. மொழிக்கு மொழி கொஞ்சம் ஏறி இறங்கினாலும், சராசரி 200 மில்லிவிநாடி அளவில் நின்றது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு சின்னப் பதிலை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே நமக்கு அரை நொடிக்கு மேல் ஆகும். அப்படியானால் எதிரில் இருப்பவர் பேச்சை முடிக்கும் முன்பே, எங்கே முடிப்பார் என்று ஊகித்து நாம் தயாராகிவிடுகிறோம். குரல் இறங்குவது, கண் நம் பக்கம் திரும்புவது, மூச்சு இழுப்பது, இப்படிச் சின்னச் சின்னத் தடயங்களை வைத்துத்தான் அந்த ஊகம் நடக்கிறது.

இணையம் கை வைப்பது சரியாக இந்த இடத்தில். தொலைத்தொடர்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.டி.யூ. தன் தரக்குறிப்பில், குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குச் சிக்கலில்லை என்கிறது. சிக்னல் தடுமாறும் ஓர் அறையில், மொபைல் டேட்டாவில், நாலைந்து பேர் சேர்ந்த காணொளி அழைப்பில் தாமதம் அதைத் தாண்டுவது சாதாரணம். அப்போது இருவர் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், இருவருமே நிறுத்துவார்கள். "நீங்க சொல்லுங்க." "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க." இரண்டு தடவை இப்படி ஆனால் மூன்றாம் தடவை பேச வந்தவர் வாயை மூடிக்கொள்வார். போதாக்குறைக்கு, தாமதத்தை நாம் கருவியின் மேல் போடுவதில்லை, ஆளின் மேல் போடுகிறோம். அழைப்பில் வேண்டுமென்றே 1.2 நொடித் தாமதத்தைப் புகுத்திப் பார்த்த 2014ஆம் ஆண்டின் ஒரு ஜெர்மானிய ஆய்வில், எதிர்முனையில் இருப்பவர் கவனமில்லாதவர், அவ்வளவு நட்பானவர் இல்லை என்றே பேசியவர்களுக்குத் தோன்றியது.

அப்புறம் மியூட். இரைச்சல் வராமல் இருக்க எல்லோரும் மியூட்டில் இருப்பதுதான் ஆன்லைன் வகுப்பின் நாகரிகம். அதில் "ம்", "ஓ", "அப்படியா", ஒரு சின்னச் சிரிப்பு எல்லாமே சேர்ந்து அடைபட்டுப் போகின்றன. பேசுகிறவருக்கு, தான் சொல்வது போய்ச் சேருகிறதா என்பதற்கு ஒரே சாட்சி அவைதான். கேமராவைப் போடுங்கள் என்று கட்டாயப்படுத்தினால் வேறு வகைச் சுமை. ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் வெளியிட்ட கட்டுரையில் காணொளிச் சந்திப்பின் அலுப்புக்கு நாலு காரணங்களை எடுத்துவைத்தார். பல முகங்கள் மிக அருகில் வந்து நம்மையே உற்றுப் பார்ப்பதுபோல் இருப்பது, நம் முகத்தையே நாள் முழுக்கக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது, சாதாரணத் தலையசைப்பைக்கூட முயன்று செய்ய வேண்டியிருப்பது. கேமராவை அணைத்த மாணவர் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று முடிவுகட்டும் ஆசிரியர்கள், ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம்.

பேச்சுக்கு முன் எழுத்து என்று வைத்தாலே இதில் பாதி சரியாகிவிடும் என்பது என் அனுபவம். குழுவாகப் பிரிக்கும் முன் இரண்டு நிமிடம் தனியே ஒரு வரி எழுதச் சொன்னால், உள்ளே போகும்போது ஒவ்வொருவர் கையிலும் சொல்ல ஒன்று இருக்கும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் நேரடி வகுப்புகளிலேயே இதைக் கண்டவர். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். மியூட்டை எடுக்கவே மூன்று நொடி ஆகும் ஆன்லைனில் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கால், கால், அரை

தொலைதூரக் கல்வி தொடங்கியபோது மாணவரும் மாணவரும் பேசிக்கொள்வது என்ற எண்ணமே அதில் இல்லை. 1840களில் ஐசக் பிட்மன் இங்கிலாந்தில் தபால் வழியே சுருக்கெழுத்துக் கற்றுக்கொடுத்தார். மாணவர் எழுதி அனுப்புவார், அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். பக்கத்துத் தெருவிலேயே இன்னொருவர் அதே பாடத்தைப் படித்தாலும் இருவருக்கும் தெரிய வழியில்லை. நூறு வருடங்களுக்கும் மேலாகத் தபால், வானொலி, தொலைக்காட்சி என்று வாகனம் மாறியதே தவிர, பாதை ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் மட்டும்தான் ஓடியது.

உடைப்பு வந்தது ஒரு கணினியில். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்பில், 1973இல் 'நோட்ஸ்' என்ற குறிப்புப் பலகையும் 'டாக்கோமேடிக்' என்ற உரையாடல் நிரலும் சேர்ந்தன. நோட்ஸ் வந்தது நிரலில் உள்ள பிழைகளைத் தெரிவிப்பதற்காக. டாக்கோமேடிக்கில் ஒருவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அப்படியே மற்றவர் திரையில் விழும். பாடம் படிக்கக் கட்டிய இயந்திரத்தில் மாணவர்கள் மணிக்கணக்கில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லித்தரவில்லை.

1989இல் மைக்கேல் மூர் என்ற கல்வி ஆய்வாளர், தொலைதூரக் கல்வியில் நடக்கும் ஊடாட்டத்தை மூன்றாகப் பிரித்தார்: மாணவருக்கும் பாடத்துக்கும் இடையில், மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையில், மாணவருக்கும் மாணவருக்கும் இடையில். இன்று இத்துறையில் எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் இந்த மூன்றும் வந்துவிடும். நமக்கு இது அவ்வளவு புதிதும் இல்லை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பாயிரம், ஆசிரியர் சொன்னதை ஒருவன் நன்றாகவே பிடித்துக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்கிறது. உடன் படிப்பவரோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். மீதி அரை, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. பங்குக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆன்லைன் வகுப்பு எதை நன்றாகச் சுமக்கிறது, எதைக் கீழே போடுகிறது என்று பார்க்க இது நல்ல அளவுகோல். காணொளி, ஸ்லைடு, பிடிஎஃப் எல்லாம் முதல் காலுக்கானவை. மற்ற முக்கால் பங்கும், நேரடி வகுப்பில் வராந்தாவிலும் பேருந்திலும் தேர்வுக்கு முந்தைய அரைமணி நேரத்திலும் தானாக நடந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்கவில்லை. அதனால்தான் வகுப்பை இணையத்துக்கு மாற்றும்போது அதைக் கொண்டுவர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2020இல் பெருந்தொற்று உலகம் முழுக்கப் பள்ளி கல்லூரிகளை மூடியபோது, யுனெஸ்கோ கணக்குப்படி உச்சக்கட்டத்தில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். அவசரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டது பெரும்பாலும் அந்த முதல் கால் மட்டும்தான்.

சக மாணவரோடு பேசுவது நிஜமாகவே மதிப்பெண்ணில் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு: ராபர்ட் பெர்னார்டும் சகாக்களும் 2009இல், தொலைதூரப் படிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட 74 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். மூவகை ஊடாட்டத்தில் எதைக் கூட்டினாலும் பலன் இருந்தது. அதில் மாணவர்–மாணவர், மாணவர்–பாடம் ஆகிய இரண்டின் பலன் மாணவர்–ஆசிரியர் வகையைவிடக் கூடுதல். ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம்.

"அருமையான கருத்து, உடன்படுகிறேன்"

சரி, பேச்சு வேண்டும் என்று முடிவு செய்த நிறுவனங்கள் செய்த முதல் காரியம், விவாதப் பலகையைத் திறந்து ஒரு விதி போட்டது. வாரம் ஒரு பதிவு, மற்றவர் பதிவுகளுக்கு இரண்டு பதில், அதற்கு அஞ்சு மதிப்பெண். ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு அந்தப் பலகையைப் பார்த்தால் கூத்து புரியும். நாற்பது பேரும் பாடப்புத்தகத்தின் அதே பத்தியை வெவ்வேறு வார்த்தையில் எழுதியிருப்பார்கள். கீழே எண்பது பதில்கள்: "அருமையான கருத்து. நானும் உடன்படுகிறேன்."

கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் கனடாவின் ஆல்பர்டா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 2000ஆம் ஆண்டு முன்வைத்த சட்டகம் இதைப் புரிந்துகொள்ள உதவும். எழுத்துவழி விவாதத்தில் கற்றல் நாலு கட்டமாக நகர்கிறது என்றார்கள். ஒரு புதிர் தூண்டுகிறது. ஆளுக்கொன்று சொல்லித் துழாவுகிறார்கள். சொன்னவற்றை ஒன்றோடொன்று கோக்கிறார்கள். கடைசியில் தீர்வைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதன்பின் பலரும் பலகைகளை எடுத்து ஒவ்வொரு பதிவையும் வகைப்படுத்தியபோது திரும்பத் திரும்பக் கண்டது, பேச்சில் பெரும்பங்கு இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிடுகிறது என்பதைத்தான். துழாவல் நடக்கிறது, கோப்பவர் இல்லை. "நீங்கள் சொல்வதும் அவர் சொல்வதும் மோதுகிறதே, எது சரி?" என்று நடுவில் வந்து ஒரு வரி எழுத ஓர் ஆள் வேண்டும். அதைத்தான் அவர்கள் ஆசிரியரின் இருப்பு என்றார்கள்.

கேள்வியிலேயே பாதி விஷயம் இருக்கிறது. "ஒளிச்சேர்க்கையை விளக்குக" என்று போட்டால் நாற்பது நகல்தான் வரும், யாரும் யாருக்கும் பதில் சொல்ல எதுவும் இல்லை. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கையில் அடங்கும் விதை ஒன்று சில டன் எடையுள்ள மரமாக நிற்கிறது. அந்த எடையின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? மண், தண்ணீர், காற்று, சூரிய ஒளி, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்." முதலில் எல்லோரும் தனியாக வாக்களிக்க வேண்டும். முடிவை ஆசிரியர் காட்டக் கூடாது. பிறகு மூன்று மூன்று பேராகப் பிரித்து, அடுத்தவரை உங்கள் பக்கம் இழுங்கள் என்று அஞ்சு நிமிடம்.

"மண்ணுலேர்ந்துதான். உரம் போட்டாத்தானே வளருது?"

"அப்ப தொட்டியில வெச்ச செடி வளர வளர மண்ணு குறையணுமே, குறையுதா?"

"...குறையல."

"தண்ணியா இருக்கும்."

"காய்ஞ்ச கட்டைல தண்ணி ஏது? அதுவும் கனமாத்தானே இருக்கு?"

மறுபடி வாக்கெடுப்பு. காற்று என்ற பதிலுக்குக் கைகள் கூடியிருக்கும். காய்ந்த மரக்கட்டையின் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடால் ஆனது. ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து தன் வகுப்பில் கையாண்ட முறை இது. தன் விளக்கத்தில் புரியாதது பக்கத்தில் இருப்பவர் விளக்கியதும் புரிகிறதே என்று அவர் கவனித்ததுதான் ஆரம்பம். அப்போதுதான் புரிந்துகொண்டவருக்கு, எங்கே தடுக்கிறது என்பது இன்னும் ஞாபகம் இருக்கும். ஆசிரியர் அதை மறந்து பல வருடம் ஆகியிருக்கும். வாக்கெடுப்புப் பொத்தான் கையிலேயே இருப்பதால், இந்த ஒரு முறையாவது நேரடி வகுப்பைவிட ஆன்லைனில் எளிது.

நாலு பேர் செய்தால்தான் முடியும் வேலை

குழு அசைன்மென்ட் என்றால் ஒருவர் செய்வார், நாலு பெயர் இருக்கும் என்பது உலகறிந்த ரகசியம். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு வருபவர் இல்லாமல் இருந்ததே இல்லை. பிரான்சின் வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன் இதை அளந்தே பார்த்துவிட்டார். அவர் 1913இல் வெளியிட்ட கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குக் கிடைத்த இழுவை, தனியே இழுத்தபோது இருந்ததில் ஏறக்குறைய பாதி. சேர்ந்திழுக்கும் தாளம் தப்புவதும் ஒரு காரணம்தான். ஆனால் 1979இல் பிப் லதானேயும் சகாக்களும் கைதட்டவும் கத்தவும் வைத்துச் செய்த சோதனை அந்தச் சாக்கை எடுத்துவிட்டது. கண்ணைக் கட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, மற்றவர்களும் உங்களோடு கத்துகிறார்கள் என்று சொன்னால் போதும். உண்மையில் தனியாகக் கத்தும்போதும் குரல் இறங்கியது. தன் பங்கு தனியாகத் தெரியாது என்றால் மனிதர் கொஞ்சம் தளர்கிறார். கெட்டவர் என்பதால் இல்லை.

கேமரா அணைந்த கட்டம் அந்தக் கண்கட்டும் ஹெட்ஃபோனும் மாதிரிதான். ஆனால் ஆன்லைன் குழுவில் நான் பார்த்த வரையில் இதைவிடப் பெரிய சிக்கல், கொடுத்த வேலைக்கே இரண்டாவது ஆள் தேவைப்படாது என்பது. ஐந்து பக்கக் கட்டுரையை நாலு பேர் எழுதுவதைவிட ஒருவர் எழுதுவது சுலபம். "நானே எழுதிடறேன்" என்றவர் சோம்பேறிகளுக்கு நடுவில் சிக்கிய தியாகி என்று நினைக்க வேண்டாம். அந்த வேலைக்கு உகந்த முடிவைத்தான் அவர் எடுத்தார்.

வேலையைத் திருப்பிப் போட முடியும். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் புதிதாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டாக்கி ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். முழுப் பாடமும் தேர்வுக்கு வரும். மற்றவரிடம் கேட்காமல் வழியில்லை. ஜிக்சா என்ற இந்த முறையை ஆன்லைனில் செய்ய ஒரே ஒரு கோப்பை நாலாகப் பிரித்தால் போதும். ஒருவருக்கு நோயாளியின் ரத்தப் பரிசோதனை, ஒருவருக்கு எக்ஸ்ரே அறிக்கை, ஒருவருக்குப் பழைய மருந்துச் சீட்டு, ஒருவருக்கு நோயாளி சொன்ன தொந்தரவுகள். என்ன நோய் என்று பத்து நிமிடத்தில் சொல்லுங்கள். இந்த அறையில் மௌனமாக இருக்க முடியாது. "உன்கிட்ட என்ன இருக்கு?" என்றுதான் முதல் வாக்கியமே வரும்.

பகிர்ந்த ஆவணத்தில் யார் எப்போது என்ன தட்டினார் என்ற வரலாறு முழுக்கப் பதிவாகிறது, அதை வைத்து மதிப்பெண் போடலாமே என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். பார்க்கலாம். ஆனால் அது விரல்களைத்தான் எண்ணும். அழைப்பில் பேசி வழிகாட்டியவர் ஒரு எழுத்துகூடத் தட்டியிருக்க மாட்டார். அனிதா வூலியும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு பல வேலைகளிலும் எவ்வளவு நன்றாகச் செயல்படும் என்பது அதில் உள்ள அறிவாளியின் அறிவைப் பொறுத்துப் பெரிதாக மாறவில்லை. எல்லோருக்கும் ஓரளவு சமமாகப் பேச்சு கிடைத்ததா, ஒருவர் மனநிலையை மற்றவர் உணர்ந்தாரா என்பவைதான் அதோடு சேர்ந்து போயின. முகம் பார்க்காமல் எழுத்திலேயே பேசிக்கொண்ட குழுக்களிலும், மனநிலையை உணரும் திறன் அதே அளவு எடுபட்டது என்று 2014இல் அடுத்த ஆய்வு சொன்னது. ஆளையே பார்க்காமல் எழுத்தை வைத்து மனதைப் படிப்பது வருமா என்று சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

வாராவாரம் குழுவைக் கலைத்துப் போடும் பழக்கத்தையும் விட்டால் நல்லது. மூன்று நாலு பேர், ஒரு பருவம் முழுக்க அதே ஆட்கள். முதல் வாரம் பாடமே வேண்டாம், அறிமுகமும் கருவியைப் பழகுவதும் போதும். அந்த வாரம் வீண் என்று நினைப்பவர்கள் அடுத்த பத்து வாரமும் "கேட்குதா?" கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர் இல்லாத வாட்ஸ்அப் குழுவுக்குள் நுழைய முயல வேண்டாம் என்றும் சொல்வேன். அங்கே காப்பியும் நடக்கும்தான். ஆனால் "எனக்கு ஒண்ணுமே புரியல" என்று ஒருவர் வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

கேள்விக்கு உடனே பதில் வந்துவிட்டால்

எண்ணிக்கை பெருகியபோது என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 2008இல் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீஃபன் டவுன்ஸும் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகம் வழியே நடத்திய படிப்பில் கட்டணம் கட்டிய மாணவர் 25 பேர், இலவசமாகச் சேர்ந்தவர்கள் சுமார் 2,200 பேர். யாரும் சேரக்கூடிய பெரிய இணையவழிப் படிப்பைக் குறிக்கும் மூக் (MOOC) என்ற பெயர் அதை ஒட்டித்தான் பிறந்தது. அங்கே மாணவர்கள் தங்களுக்குள் தொடர்பு கொள்வதுதான் படிப்பே. மூன்று ஆண்டு கழித்து ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு வகுப்பை இணையத்தில் திறந்தபோது 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். பிறகு வந்த பெரிய தளங்கள் இந்த இரண்டாவது வழியைத்தான் பிடித்துக்கொண்டன. காணொளி, தானே திருத்தும் வினா, ஓரமாக ஒரு விவாதப் பலகை.

அந்தப் பலகையில் வந்து குவியும் கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது? ஜார்ஜியா டெக்கில் அசோக் கோயல் நடத்திய ஆன்லைன் வகுப்பில் சுமார் 300 மாணவர்கள் ஒரு பருவத்துக்குப் பத்தாயிரம் செய்திகள் போட்டார்கள். 2016இல் அவர் 'ஜில் வாட்சன்' என்ற பெயரில், ஐபிஎம்மின் தொழில்நுட்பத்தைக் கொண்டு கட்டிய ஒரு நிரலை உதவி ஆசிரியர்களோடு சேர்த்து உட்காரவைத்தார். பருவத்தின் இறுதியில் அவர் சொல்லும்வரை, பதில் சொன்னது மனிதர் இல்லை என்று பெரும்பாலான மாணவர்கள் அறியவில்லை. அந்த நிரல் பதில் சொன்னதாவது பொதுப் பலகையில், எல்லோர் கண்ணிலும் படும்படி. இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு சாட்பாட் தனியாக இருக்கிறது.

முன்பு பார்த்த கனடா மூவரில் ஒருவரான டெரி ஆண்டர்சன் 2003இலேயே, மூவகை ஊடாட்டத்தில் ஏதாவது ஒன்று நல்ல தரத்தில் இருந்தால் ஆழ்ந்த கற்றலுக்கு அது போதும், மற்ற இரண்டும் குறைந்தாலும் பாதகமில்லை என்று வாதிட்டவர். அதை வைத்து, நல்ல சாட்பாட் இருந்தால் சக மாணவர் எதற்கு என்று கேட்கலாம். தனி மாணவரின் கணக்கில் அது சரியாகக்கூட இருக்கலாம். எனக்கு இடிப்பது வேறு இடம். இரவு பதினொரு மணிக்கு ஒருவர் பலகையில் ஒரு சந்தேகத்தைப் போடுவார். நாற்பது பேர் அதைப் பார்ப்பார்கள். தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பத்துப் பேருக்கு உயிர் வரும். ஒருவர் தப்பாகப் பதில் சொல்வார், இன்னொருவர் திருத்துவார். நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்கை அந்தத் திருத்தியவர் அன்று சம்பாதித்திருப்பார். அதே சந்தேகத்தை அதே மாணவர் இப்போது சாட்பாட்டிடம் கேட்கிறார், முப்பது நொடியில் சரியான பதில் வருகிறது, லேப்டாப்பை மூடிவிட்டுப் படுக்கப் போகிறார். மற்ற முப்பத்தொன்பது பேருக்கு அப்படி ஒரு கேள்வி இருந்ததே தெரியாது.